எங்கள் கையில் கொடுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்
நோய்க் கண்காணிப்பு வரைபட மென்பொருளுக்கு ஒப்புதல் தரும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

நோய்க் கண்காணிப்புக்கான புதிய வரைபட, தரவு ஆய்வு மென்பொருளை எல்லா வட்டாரங்களுக்கும் அனுப்ப ஒப்புதல் தந்திருக்கிறீர்கள். அந்தக் குறிப்பில் "பயனர் சோதனை திருப்திகரமாக முடிந்தது" என்று ஒரு வரி இருக்கிறது. அந்தச் சோதனையில் உட்கார்ந்த பயனர்களில் நானும் ஒருவன். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் ஊரகப் பகுதியில் வேலை பார்க்கும் சுகாதார ஆய்வாளர். காய்ச்சல் கண்ட வீடுகளைச் சுற்றிப் பார்ப்பது, கொசுப்புழு ஆய்வு, மேல்நிலைத் தொட்டித் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பது, திருவிழா என்றால் அன்னதானக் கூடம், மழை வெள்ளம் என்றால் நிவாரண முகாம், இவையெல்லாம் என் வேலை. கணினிக்குப் பயந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளைச் சொந்த ஆர்வத்தில் கற்றுக்கொண்டு, எங்கள் வட்டாரத்தின் குடிநீர்த் தொட்டிகளையும் குழாய்ப் பாதைகளையும் அதில் வரைந்து வைத்திருக்கிறேன். வரைபடம் இந்த வேலைக்கு எவ்வளவு தேவை என்பது தெரிந்ததால்தான் இந்த வருத்தம்.

சோதனை நடந்த விதத்தை முதலில் சொல்கிறேன். மாவட்டத் தலைநகரில் குளிர்சாதன வசதியுள்ள கூட்ட அரங்கம். வேகமான வைஃபை. மேசைக்கு ஒரு மடிக்கணினி, அதில் நிறுவனத்தார் ஏற்கெனவே நிரப்பி வைத்த மாதிரித் தரவு. அதில் ஒரு பெயர்கூடப் பிழையாக இல்லை, ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லை. எங்கள் ஊரில் அப்படி ஒரு லைன் லிஸ்டை, அதாவது நோயாளிகளை வரிக்கு ஒருவராக எழுதும் பட்டியலை, நான் பார்த்ததே கிடையாது. எங்களுக்குக் கொடுத்த தாளில் "வலது ஓரத்தில் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தவும், பிறகு இரண்டாவது பட்டியலைத் திறக்கவும்" என்று வரிசையாக எழுதியிருந்தது. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிட்டால் அங்கே எதைச் சோதித்தீர்கள்? எங்கள் வாசிக்கும் திறனையா?

யாராவது தடுமாறினால் நிறுவனத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஓடி வந்து, "விடுங்க சார், நான் பண்றேன்" என்று மௌஸை வாங்கிக்கொண்டார். நல்ல பையன், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தத் தடுமாற்றம்தான் சோதனையின் விளைச்சல். அந்த இடத்தில் பேசாமல் நின்று, இவர் ஏன் இங்கே சிக்கிக்கொண்டார், எதைத் தேடுகிறார் என்று குறித்துக்கொள்வதற்குத்தான் சோதனை என்று பெயர். அன்று அப்படி யாரும் எதையும் குறிக்கவில்லை.

கடைசியில் ஒரு கருத்துப் படிவம். "மென்பொருள் பயன்படுத்த எளிதாக உள்ளது", "என் பணிக்கு உதவியாக உள்ளது" என்று எல்லாமே சாதகமான வாக்கியங்கள். மேலே பெயர், பதவி, பணியிடம். எங்களுக்கு வருடாந்திர மதிப்பீடு எழுதும் அதிகாரிகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, படிவத்தைக் கையோடு வாங்கிக்கொண்டார்கள். எத்தனை பேர் "ஏற்கவில்லை" என்று டிக் அடித்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

இதை எப்படிச் செய்ய வேண்டும் என்பது ரகசியம் இல்லை. ஒரு கருவி பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க, 1986லேயே ஜான் புரூக் என்பவர் பத்தே வாக்கியங்கள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார். அதில் ஒன்று விட்டு ஒன்று பாதகமான வாக்கியமாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் போடுகிறவரை அது காட்டிக்கொடுத்துவிடும். ஐஎஸ்ஓ என்ற உலகத் தர நிர்ணய அமைப்பின் 9241 என்ற தரநிலையின் 11வது பகுதியும் இருக்கிறது. குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட நோக்கத்துக்காக, குறிப்பிட்ட சூழலில் எவ்வளவு சரியாக, எவ்வளவு சிரமமில்லாமல், எவ்வளவு மனநிறைவோடு பயன்படுத்த முடிகிறது என்பதைத்தான் பயன்பாட்டு எளிமை என்று அது சொல்கிறது. சூழல் என்பது அந்த வரையறைக்குள்ளேயே இருக்கிறது. குளிர்சாதன அரங்கம் எங்கள் சூழல் அல்ல.

எங்கள் சூழலில் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். முன்னோட்டமாகச் சில வட்டாரங்களில் இதே மென்பொருளைக் கொடுத்தார்கள், எங்களுடையதும் அதில் ஒன்று. காய்ச்சல் கண்டவர் வீட்டில் நின்றுகொண்டே பதிவு செய்ய வேண்டும், அப்போது போன் தானாக இடத்தைக் குறித்துக்கொள்ளும் என்பது திட்டம். எங்கள் குக்கிராமங்களில் பாதி இடத்தில் சிக்னல் கிடையாது. நாற்பது கட்டத்தையும் நிரப்பிவிட்டு அனுப்பினால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அப்புறம் "மீண்டும் உள்நுழையவும்" என்று வரும். நிரப்பியது எல்லாம் போய்விடும். மறுபடி வீட்டுக்காரரிடம் வயதையும் ஆதாரையும் கேட்க முடியுமா? அதனால் எல்லோரும் செய்வது ஒன்றுதான். நோட்டில் எழுதிக்கொள்வோம், மாலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து உட்கார்ந்து ஏற்றுவோம். மென்பொருளோ, பதிவு ஏறிய இடத்தையே நோயாளியின் இடமாக எடுத்துக்கொள்கிறது. விளைவு, வரைபடத்தில் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையக் கட்டடத்தின்மேல் ஒரு பெரிய சிவப்பு வட்டம். மேலிருந்து போன் வந்தது, "உங்க பிஎச்சி வளாகத்துலயே டெங்கு கிளஸ்டரா? கொசுப்புழு பார்க்கிறீங்களா இல்லையா?" என்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புகை மருந்து அடிக்கும் ஆட்களை அன்று எங்கள் வளாகத்துக்கே அனுப்ப வேண்டியதாயிற்று.

இது வெறும் கேலிக்கூத்து அல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை. அது பெருகும் இடம் நோயாளியின் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உள்ள சிமென்ட் தொட்டி, பழைய டயர், ஃபிரிட்ஜின் பின்னால் உள்ள தட்டு. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் போதும். புள்ளி மூன்று கிலோமீட்டர் தள்ளி விழுந்தால் ஆட்களும் மருந்தும் மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போகும், அந்த ஒரு வாரமும் போய்விடும்.

இடத்தைப் பட்டியலில் தேர்ந்தெடுக்கலாமே என்பீர்கள். முயன்று பார்த்துவிட்டோம். ஊர்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில், அகர வரிசையில் இருக்கின்றன. ஒரே பட்டியலில் எத்தனை புதூர், எத்தனை காலனி, எத்தனை மேலத்தெரு! எது எந்த ஊராட்சியைச் சேர்ந்தது என்று பக்கத்தில் இல்லை. தேடும் பெட்டியில் எழுத்துக்கூட்டல் அப்படியே பொருந்தினால்தான் ஊர் வரும். தமிழக அரசே 2020ல் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, பிறகு அதைத் திரும்பப் பெற்றது. அரசுக்கே முடிவாகாத எழுத்துக்கூட்டலை, ஒரு கையில் பையும் மறு கையில் போனுமாக வெயிலில் நிற்கும் கிராம சுகாதார செவிலியர் எப்படிச் சரியாக அடிப்பார்? அவர் பட்டியலில் முதலில் வரும் புதூரைத் தொட்டுவிட்டு நகர்வார். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எல்லைக்கோடு விஷயம் இன்னும் மோசம். மென்பொருளில் இருக்கும் அடிப்படை வரைபடம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காலத்தியது. அப்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. தென்காசியும் ராணிப்பேட்டையும் மயிலாடுதுறையும் அதில் இல்லை. அது போகட்டும், சுகாதாரத் துறையின் மாவட்டங்கள் வருவாய் மாவட்டங்களோடு பொருந்துவதே இல்லை என்பதை யாராவது அந்த நிறுவனத்துக்குச் சொன்னீர்களா? சிவகாசி, பரமக்குடி, பழனி, செய்யாறு எல்லாம் எங்களுக்குச் சுகாதார மாவட்டங்கள். எங்கள் அறிக்கைகள் அந்தக் கணக்கில்தான் போகின்றன. வரைபடமோ வேறு கணக்கில் வண்ணம் பூசுகிறது. இரண்டையும் கையால் பொருத்தி ஒரு எக்செல் தாள் போடுவது கடைசியில் வட்டாரப் புள்ளியியலாளர் தலையில் விழுகிறது. அந்த எக்செலுக்காகத் தரவை இறக்கினால் தமிழில் எழுதிய தெருப் பெயர்களெல்லாம் புரியாத குறிகளாக வந்து நிற்கின்றன.

இப்போது ஆய்வுப் பகுதிக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையான பயம். மேலே சொன்னவற்றில் தவறு நடந்தால் எங்களுக்குத் தெரிந்துவிடும், புலம்பிக்கொண்டாவது சரிசெய்வோம். ஆய்வுப் பகுதியில் நடக்கும் தவறு பார்க்க அழகாக இருக்கும், யாருக்கும் தெரியாது.

எந்த நாளில் எத்தனை பேருக்கு நோய் என்று காட்டும் நாள்வாரி நோய் வரைவை அது எந்தத் தேதியை வைத்து வரைகிறது தெரியுமா? பதிவு ஏறிய தேதியை. காய்ச்சல் தொடங்கிய தேதிக்கு ஒரு கட்டம் இருக்கிறது, அதை நாங்கள் நிரப்பவும் செய்கிறோம். ஆனால் நாமாக அமைப்புகளுக்குள் நுழைந்து மாற்றாவிட்டால் வரைவு அதைச் சீண்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் பதிவு ஏற்றுவதில்லை என்பதால் வாராவாரம் திங்கட்கிழமை ஒரு கூர்முனை எழும்பி நிற்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒரு ஆய்வுக் கூட்டத்தில், வார இறுதியில் நோய் ஏன் கூடுகிறது என்று கேட்டார்கள். நோய் தொடங்கிய நாளை வைத்து வரைவது கொள்ளைநோய் ஆய்வின் பாலபாடம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1985ல் முதலில் வெளியிட்டு இலவசமாகவே கொடுத்து வந்த எபி இன்ஃபோ போன்ற பழைய கருவிகள் களத்தில் கொள்ளைநோயை ஆராய்பவருக்காகவே உருவானவை. அவற்றின் முகம் அழகாக இருக்காதுதான். நாற்பது வருடங்களாகக் கிடைக்கும் அந்த அனுபவத்தைக் காசு கொடுத்து வாங்கிய புதுக் கருவியில் காணவில்லை.

அடுத்தது பச்சை நிறம். எங்கள் துறையில் "நோய் இல்லை" என்று அறிக்கை அனுப்புவதும், அறிக்கையே அனுப்பாமல் இருப்பதும் முற்றிலும் வேறு. 2004ல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்து, வாராவாரம் எஸ், பி, எல் படிவங்கள் நிரப்பிய நாளிலிருந்து இதை எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் பூஜ்யம் என்று எழுதி அனுப்பு என்பார்கள். இந்த மென்பொருளிலோ காலியும் பூஜ்யமும் ஒன்று. அறிக்கை வராத துணை சுகாதார நிலையப் பகுதி பளிச்சென்று பச்சையாகத் தெரிகிறது. செவிலியர் பணியிடம் காலியாக இருக்கும் இடம், சிக்னலே இல்லாத மலைக்கிராமம், இவைதாம் வரைபடத்தில் மிக ஆரோக்கியமான இடங்கள்! ஆய்வுக் கூட்டத்தில் பாராட்டும் அவர்களுக்குத்தான். ஒழுங்காகப் பதிவு செய்யும் வட்டாரம் சிவப்பாகி விளக்கக் கடிதம் எழுதுகிறது. இப்படியே போனால் எல்லோரும் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

சிவப்பும் பச்சையும் ஆண்களில் கணிசமானவர்களுக்குப் பிரித்துத் தெரியாத நிறங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு அச்செடுத்தால் கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல். போதாததற்கு எண்ணிக்கையை வைத்தே வண்ணம் போடுகிறது, மக்கள்தொகையால் வகுப்பதில்லை. இருபதாயிரம் பேர் வாழும் பேரூராட்சியில் பத்துக் காய்ச்சல் அடர்சிவப்பு. அறுபது வீடுள்ள குக்கிராமத்தில் ஐந்து காய்ச்சல் வெளிர்மஞ்சள். எது அவசரம் என்று பயிற்சிக்கு வந்த மாணவர்கூடச் சொல்வார். வண்ண வரம்புகளும் வாராவாரம் தானாக மாறுகின்றன. போன வாரம் ஆரஞ்சாக இருந்த ஊர் இந்த வாரம் ஒரு நோயாளிகூடக் கூடாமல் சிவப்பாகிறது.

கொசுப்புழு ஆய்வில் நாங்கள் கணக்கிடும் பிரெட்டோ குறியீடு, ஆய்வு செய்த 100 வீடுகளுக்கு எத்தனை பாத்திரங்களில் புழு இருந்தது என்பது. ஆய்வு செய்த வீடுகள்தான் கணக்கு. உதாரணத்துக்கு, தெருவில் 100 வீடு, 25 பூட்டிக் கிடக்கிறது, மற்றவற்றில் 15 பாத்திரங்களில் புழு என்றால் குறியீடு 20. மென்பொருள் பூட்டிய வீட்டையும் புழு இல்லாத வீடாகச் சேர்த்து 15 என்று காட்டும். வேலைக்காக வெளியூர் போய்ப் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் கவலைப்படுகிறோம். அந்த வீடுகளே குறியீட்டை அழகாக இறக்கிக் காட்டினால் எப்படி?

இவ்வளவும் சிறு கோளாறுகள், பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தொழில்நுட்பத்தின் சிறு கோளாறு என்ன செய்யும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். 2020 செப்டம்பர் கடைசியில், கோவிட் உச்சத்துக்குப் போகும் நேரத்தில், பரிசோதனை முடிவுகளை எக்செலின் பழைய கோப்பு வடிவத்தில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டுப் போயின. 15,841 நோயாளிகள் அன்றாடக் கணக்கில் வராமல் போனார்கள், அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை நாள்கணக்கில் தள்ளிப்போனது. அங்கே இருந்தவர்கள் பயிற்சி இல்லாதவர்களா? கோப்பு நிரம்பிவிட்டது என்று கருவி வாயைத் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்களுக்குப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தினக்கூலியில் வரும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் அடிக்கடி மாறுகிறார்கள், நாங்களும் இடமாறுதலில் போகிறோம். ஒவ்வொரு முறையும் "இந்தப் பொத்தானை நம்பாதே, அந்தத் தேதியை மாற்றிக்கொள்" என்று சொல்லிக்கொடுத்துத்தான் ஒரு கருவி ஓடும் என்றால், அதன் குறையை எங்கள் ஞாபகசக்தியால் அடைத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

செலவு என்றும் சொல்லாதீர்கள். ஒரு சுற்றில் ஐந்து பேரைப் பக்கத்திலிருந்து கவனித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000லேயே எழுதினார். எங்களைப் போல வேலைக்கேற்ப வகை வகையான பயனர்கள் இருந்தால் வகைக்குச் சிலராவது வேண்டும். அப்படிப் பார்த்தாலும் அந்த அரங்கத்துக்கு எங்களை அழைத்த பேருந்துச் செலவு, சாப்பாட்டுச் செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

ஆகவே நான் கேட்பது இதுதான்.

எல்லா வட்டாரங்களுக்கும் அனுப்பும் உத்தரவை நிறுத்தி வையுங்கள். "சோதனை முடிந்தது" என்ற குறிப்பை விலக்கிக்கொண்டு, ஒரு மலை வட்டாரம், ஒரு கடலோர வட்டாரம், நகரை ஒட்டிய ஒரு வட்டாரம் என்று மூன்று இடங்களிலாவது புதிதாகச் சோதியுங்கள். கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர், ஆய்வக நுட்பநர், தரவுப் பதிவாளர், வட்டாரப் புள்ளியியலாளர் எல்லோரும் அதில் இருக்க வேண்டும். அவரவர் போனில், அவரவர் ஊரில், பிழையும் காலியிடமும் உள்ள அவரவர் லைன் லிஸ்டை வைத்துச் செய்யட்டும். நோயாளிகளின் பெயரை மட்டும் மறைத்துக்கொள்ளுங்கள்.

பொத்தான் பொத்தானாகச் சொல்லாதீர்கள், வேலையைச் சொல்லுங்கள். "கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு வந்தவர்கள் எந்தத் தொட்டித் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்டுங்கள்" என்று கொடுத்துவிட்டு ஓரமாக நில்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனது, எத்தனை பேர் கைவிட்டார்கள், எத்தனை புள்ளிகள் தவறான ஊரில் விழுந்தன என்று எண்ணுங்கள். கவனிப்பவர் விற்கும் நிறுவனத்தின் ஆளாக இருக்கக் கூடாது, எங்கள் மேலதிகாரியாகவும் இருக்கக் கூடாது. சென்னையில் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இருக்கிறது, களநோய்ப்பரவியல் பயிற்சி பெற்றவர்கள் அங்கிருந்து வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள். கருத்துப் படிவத்தில் பெயர் கேட்காதீர்கள்.

சோதனைக்குக் காத்திராமல் இப்போதே திருத்த வேண்டியவையும் உண்டு. பதிவு ஏற்றும் இடத்தையும் நோயாளி வசிக்கும் இடத்தையும் பிரித்துவிடுங்கள். சிக்னல் இல்லாதபோது போனிலேயே சேமித்துவைத்துப் பிறகு ஏற்றும் வசதி வேண்டும். நோய் வரைவு, காய்ச்சல் தொடங்கிய தேதியில் நிற்க வேண்டும். அறிக்கை வராத பகுதிக்குப் பச்சை வேண்டாம், கோடு போட்ட சாம்பல் போதும். வண்ணம் மக்கள்தொகை விகிதத்தில், மாறாத வரம்புகளோடு இருக்கட்டும். பூட்டிய வீடு தனிக் கணக்காகட்டும். சுகாதார மாவட்ட எல்லைகள் உள்ளே வர வேண்டும்.

சோதனை அறிக்கையைக் கெட்டது உட்பட முழுதாக வெளியிடுங்கள். அதில் கண்ட குறைகள் தீர்ந்து, மறுபடி அதே வட்டாரங்களில் பார்த்த பிறகுதான் நிறுவனத்துக்குக் கடைசித் தவணைப் பணம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

அதுவரை இந்த மென்பொருளின் வரைபடத்தை வைத்து எந்த வட்டாரத்துக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்ப வேண்டாம். ஒரே நோயாளியைப் பழைய தளத்திலும் புதியதிலும் நோட்டிலுமாக மூன்று முறை எழுதச் சொல்லும் வாய்மொழி உத்தரவையும் ரத்து செய்யுங்கள். மழைக்காலம் வருகிறது, அந்த நேரம் எங்களுக்குத் தெருவில் தேவைப்படுகிறது. என்ன முடிவெடுத்தாலும் அதை எழுத்தில், எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
முன்னோட்ட வட்டாரத்தில் பணிபுரியும் சுகாதார ஆய்வாளர் ஒருவர்